நினைவில் வைத்திருத்தல் என்னும் வேலை

பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தில், மனநலச் சிகிச்சை பெறும் தாயைக் கைக்குழந்தையுடன் சேர்த்தே அனுமதிக்கும் தனிப் பிரிவு ஒன்று 2009-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. பிரசவத்திற்குப் பின் கடுமையான மனநோய்க்கு ஆளாகும் பெண்களுக்கானது அது. தாயைக் குணப்படுத்தக் குழந்தையைப் பிரிக்க வேண்டியதில்லை என்னும் எண்ணம் பின்னர் சட்டத்திலும் இடம்பெற்றது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை, சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கலாகாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

அத்தகைய கடும் நோய் சிலருக்கே வருவது. மருத்துவரிடம் செல்லும் அளவுக்குத் தமக்கு ஒன்றுமில்லை என்று எண்ணியபடியே நாள்தோறும் சோர்ந்துபோகும் தாய்மாரோ அதே நகரில் மிகப் பலர். அவர்களைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

சமைப்பது ஒரு வேலை. நாளை என்ன சமைப்பது, உளுந்து இருக்கிறதா, பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று எண்ணிக்கொண்டிருப்பது மற்றொரு வேலை. முதலாவது கண்ணுக்குத் தெரியும், இரண்டாவது தெரியாது. பிரெஞ்சு சமூகவியலாளர் மோனிக் ஐகோ 1984-இல் இதற்கு ‘மனச்சுமை’ என்று பெயரிட்டு எழுதினார். பெங்களூரு வீடுகளில் இச்சுமைக்கு உள்ளூர் வடிவங்கள் உண்டு. தண்ணீர் லாரிக்குச் சொல்ல வேண்டிய நாள், பள்ளி வேன் வராத காலை, வீட்டுவேலைக்கு வருபவரிடம் கன்னடத்தில் சொல்லிவைக்க வேண்டியவை, தடுப்பூசித் தேதி என்று அவை நீளும். அடுக்ககக் காவலாளி ஒவ்வொரு பொட்டலத்திற்கும் அனுமதி கேட்டு முதலில் அழைப்பது வீட்டில் யாருடைய கைப்பேசியை என்று வாசகர்கள் ஒரு வாரம் கவனித்துப் பார்க்கலாம்.

தேசிய அளவிலான நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டுவேலையில் ஈடுபட்டோரை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு சராசரியைத் தருகிறது. 2019-இல் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் ஊதியமற்ற வீட்டுவேலை செய்தனர். 2024-இல் அவை 289, 88 ஆயின. இருவருக்கும் சில நிமிடங்கள் குறைந்தன; இடைவெளி 202-இலிருந்து 201-க்கு வந்தது, அவ்வளவே. இரவில் விழித்துக் கிடந்து மறுநாளைத் திட்டமிடும் நேரமெல்லாம் இத்தகைய கணக்கில் முழுமையாக ஏறுவதில்லை.

சுமை இறங்காமலே நீடித்தால் வருவது பெற்றோர்ச் சோர்வு. பெல்ஜியத்தைச் சேர்ந்த இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிகோலாய்சாக் ஆகிய உளவியலாளர்கள் இதன் அடையாளங்களை வகுத்துள்ளனர். உறங்கி எழுந்தாலும் தீராத களைப்பு, பிள்ளைகளிடம் கடமையைச் செய்தும் மனத்தால் விலகி நிற்றல், ‘நான் முன்பு இப்படிப்பட்ட தாய் இல்லையே’ என்னும் உறுத்தல் ஆகியவை அவை. 42 நாடுகளில் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தனிமனித வாழ்வுமுறை மேலோங்கிய சமூகங்களில் இச்சோர்வு அதிகம் எனக் கண்டனர். மதுரையிலோ சேலத்திலோ பாட்டியையும் அத்தையையும் விட்டுவிட்டு, இங்கு இரு படுக்கையறை வீட்டில் குடியேறிய தம்பதியருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாட்டி உடனிருந்தாலும் சுமை தானாகக் குறைந்துவிடும் என்பதில்லை. சில வீடுகளில் அவருடைய மாத்திரை வேளைகளும் அதே பட்டியலில் சேர்கின்றன.

இச்சோர்வை மனச்சோர்வு நோயுடன் குழப்பிக்கொள்ளலாகாது. பெற்றோர்ச் சோர்வு உற்றவர் அலுவலகத்திலோ தோழியரிடமோ இயல்பாக இருக்கக்கூடும். வீட்டு வாயிலை நெருங்கும்போதுதான் கால் தயங்கும். மனச்சோர்வு நோயோ எங்கும் உடன்வரும். பிரசவத்திற்குப் பின் இரண்டு வாரங்களைத் தாண்டியும் அழுகையும் வெறுமையும் நீடித்தால் மருத்துவரைக் காண்பதே முறை.

‘சொன்னால் செய்திருப்பேனே’ என்று கணவர் சொல்வதில் நல்லெண்ணம் இருக்கிறது. ஆனால் நினைத்து, நேரமறிந்து சொல்வதுதான் சுமையின் பெரும்பகுதி. ஆகவே செயலை மட்டும் பகிர்ந்தால் போதாது. ஒரு பொறுப்பை முழுமையாகக் கைமாற்ற வேண்டும். தடுப்பூசி தந்தையின் பொறுப்பு என்றால் தேதியை அறிவது, அட்டையைத் தேடுவது, விடுப்பு எடுப்பது, அன்றிரவு காய்ச்சல் பார்ப்பது அனைத்தும் அவருடையவை. அவர் முறை வேறாக இருக்கலாம்; முதல் முறை அட்டையை மறந்தும் போகலாம். அதைத் திருத்தாமல் பொறுப்பது தாய்க்குக் கடினமே.

எங்கள் துறையிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மின்கட்டணத்தையும் பள்ளிக் கட்டணத்தையும் ஆட்டோ டெபிட் முறையில் தானாகக் கழியச் செய்தால் நினைவுச்சுமை குறையும். ஆயினும், இருப்பு போதுமா என்று பார்க்கும் வேலை எஞ்சுகிறது. கார்டு வழியே தொடர்ந்து கழியும் தொகைக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அது தந்தையின் கைப்பேசிக்கு வந்தால் அந்த வேலையும் அவரிடம் சேரும். ஆனால் இதைக் காரணமாக்கித் தாய் கணக்குகளை அறியாதவராகிவிடக் கூடாது. கூட்டுக் கணக்கில் பெயரும் பார்க்கும் வசதியும் இருவருக்கும் இருக்கட்டும். கண்காணிப்பு மட்டும் ஒருவருடையதாக இருக்கட்டும்.

வீட்டளவில் தீராதபோது, ஒன்றிய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தக் கட்டணமில்லாச் சேவையின் தலைமை மையம் நிம்ஹான்ஸ். விரும்பும் மொழியைத் தேர்ந்து பேசலாம். தமிழும் அவற்றுள் ஒன்று. தாய்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. அவரைக் குறித்துக் கவலைப்படும் கணவரும் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.