தானத்தோடு வந்த எச்.ஐ.வி.: தப்பியது வைரஸா, சோதனையா?

ரியோ டி ஜெனிரோவில் உறுப்பு மாற்று சிகிச்சை பெற்ற 6 பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது 2024 அக்டோபரில் அம்பலமானது. அதையொட்டி வந்த கடிதங்களில் குழப்பமே மிகுதி. முதல் இரண்டு கேள்விகளுக்கே விரிவான பதில்.

நெகட்டிவ் வந்தும் எப்படித் தொற்றும்?

வழக்கமான ஆன்டிபாடி சோதனை வைரஸைத் தேடுவதில்லை. அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடுகிறது. போலீஸ் வந்துபோன தடயத்தை வைத்துத் திருடன் புகுந்தானா என்று தீர்மானிக்கிற கதை. எச்.ஐ.வி. தொற்றினால் ஆன்டிபாடி தென்பட ஏறக்குறைய 3 வாரம். ஹெபடைட்டிஸ் சி என்றால் 2 மாதத்துக்கு மேல். அதுவரை ரத்தத்தில் வைரஸ் இருக்கும், ரிப்போர்ட்டில் இருக்காது. விபத்தில் அடிபட்ட கொடையாளருக்குப் பாட்டில் பாட்டிலாக ரத்தமும் சலைனும் ஏற்றிவிட்டு மாதிரி எடுத்தால், இருக்கிற ஆன்டிபாடியும் நீர்த்துப்போகும்.

சிகாகோவில் 2007இல் ஒரே கொடையாளரிடமிருந்து 4 பேருக்கு எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி இரண்டும் பரவின. பல மாதம் கழித்தே விஷயம் வெளிவந்தது. சேமித்து வைத்திருந்த கொடையாளரின் ரத்தத்தில், வைரஸின் மரபணுவையே தேடும் நாட் சோதனை இரண்டையும் பிடித்தது. இன்னொரு சிக்கல்: உறுப்பு பெற்றவர்கள் நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அவர்கள் உடலிலும் ஆன்டிபாடி உருவாகத் தாமதமாகலாம். கொடுத்தவரிடம் ஏமாந்த சோதனை, பெற்றவரிடமும் ஏமாறலாம்.

ரியோவிலும் இதுதானா?

இல்லை. அங்கே 2 கொடையாளர்களுக்கு நெகட்டிவ் என்று எழுதிக்கொடுத்தது அரசு ஒப்பந்தம் பெற்ற தனியார் ஆய்வகம். சோதனை ரசாயனங்களைத் தினமும் சரிபார்ப்பதற்குப் பதில், காசை மிச்சம் பிடிக்க வாரம் ஒருமுறை பார்த்தார்கள் என்பது போலீஸாரின் குற்றச்சாட்டு. ‘முன்னெப்போதும் நடந்திராதது’ என்றது மாநில சுகாதாரத் துறை. ஒப்பந்தம் கொடுத்தவர்கள் அந்த ஆய்வகத்தை எப்படிக் கண்காணித்தார்கள் என்ற கேள்விக்கு அது பதிலாகாது. வைரஸின் தந்திரத்தோடு நிர்வாகத்தின் அலட்சியத்தையும் சேர்த்து ‘அரிதான அசம்பாவிதம்’ என்று கணக்கெழுதுவது யாருக்கு வசதி?

நாட் செய்தால் ஆபத்தே இல்லையா?

எச்.ஐ.வி. தொற்றுவதற்கும் சோதனையில் தென்படுவதற்கும் உள்ள இடைவெளி சுமார் 5 முதல் 11 நாளாகக் குறையும்; அடியோடு மறையாது.

எல்லா வைரஸுக்கும் சோதிப்பார்களா?

மாட்டார்கள். அப்படிச் சோதிக்காத ரேபிஸ் 2004இல் அமெரிக்காவில் ஒரு கொடையாளரிடமிருந்து பரவி 4 பேர் இறந்தார்கள்.

தொற்றுள்ள உறுப்பு வீண்தானா?

ஹெபடைட்டிஸ் சி-யை மாத்திரையால் குணப்படுத்தலாம் என்பதால், பெறுபவரின் சம்மதத்தோடு பொருத்துவது உண்டு.

காத்திருப்பவர் என்ன கேட்க வேண்டும்?

நாட் செய்தார்களா, கொடையாளருக்கு ரத்தம் ஏற்றும் முன்பே மாதிரி எடுத்தார்களா, எனக்கு மறுசோதனை எப்போது?