ஷட்டர் வைத்த டிவிப் பெட்டி
கறுப்பு வெள்ளை, மர உறை. 1980-கள்.

இரு பக்கமும் இழுத்து மூடும் இந்த மரக் கதவையும் பூட்டையும் பாருங்கள். பீரோவுக்குக் கிடைத்த மரியாதை அன்று டிவிக்கும் கிடைத்தது. தெருவுக்கு ஒன்றிரண்டு வீடுகளில்தான் பெட்டி இருந்தது. சென்னை தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் பிறகு பல ஆண்டுகள் தமிழகத்துக்கு இருந்தது அந்த ஒரே அலைவரிசைதான்.

வெள்ளிக்கிழமை இரவு 'ஒளியும் ஒலியும்'. ஓடுவதோ சில சினிமாப் பாடல்கள். அதற்காக அடுத்த தெருப் பிள்ளைகளும் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். பெரியவர்கள் சன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே நின்றார்கள். ஞாயிறு மாலை படம். மறுநாள் பள்ளியிலும் டீக்கடையிலும் அதே படம்தான் பேச்சு, ஏனென்றால் எல்லோரும் பார்த்தது அது ஒன்றைத்தான். படம் ஆடினால் ஒருவர் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்புவார், "இப்போ தெரியுதா?" என்ற அவர் குரலுக்குக் கீழிருந்து பத்துப் பேர் பதில் சொல்வார்கள். தென்கடலோர ஊர்களில் அதே ஆன்டெனா இலங்கையின் ரூபவாகினியையும் பிடித்தது.

1987 ஜனவரியில் தொடங்கிய 'ராமாயண்' தொடரின் இந்தி புரியாத வீடுகளிலும் ஞாயிறு காலை பெட்டி திறந்தே இருந்தது. கதை தெரியுமே!

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. தெருக்களில் கேபிள் வயர் ஓடியது; ஒரே அலைவரிசைக் காலம் முடிந்தது. அந்தக் காலத்தின் மிச்சமாக இந்தப் பெட்டியின் மேல் கிடக்கும் எம்ப்ராய்டரித் துணி, இதை வைத்திருந்த வீட்டிலேயே தைத்தது.