தாமல் வட்டாரத்தில் வீட்டுக் கழிவு: இளவேனிலில் தொடங்கும் உரம்

வீட்டுக் கழிவு மேலாண்மை என்பது நான்கு வேலைகளைக் கொண்டது. குப்பையைக் குறைத்தல், வகை பிரித்தல், மட்குவதை உரமாக்குதல், மறுபடி பயன்படுவதை அதற்குரியவரிடம் சேர்த்தல் ஆகியவையே அவை. காஞ்சிபுரம் நகரையும், அதற்கு மேற்கே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள தாமல் ஊரையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வேலைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

ஊரும் ஏரியும்

தாமல் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊராட்சி. வராகீசுவரர் கோயிலும் தாமோதரப் பெருமாள் கோயிலும் இங்கு உள்ளன. மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் தாமல் ஏரியும் ஒன்று.

ஏரி என்பது சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் கரை போட்டு மழைநீரைத் தேக்கும் அமைப்பு. மேட்டில் விழும் நீர் தெருவையும் வாய்க்காலையும் கடந்து ஏரிக்கு வருகிறது. பின்பு மதகு வழியாக வயலுக்குச் செல்கிறது. ஆகவே, கோடையில் வாய்க்காலில் வீசிய பிளாஸ்டிக் பை அங்கேயே கிடந்துவிடுவதில்லை. ஐப்பசி மழை அதை ஏரிக்கோ மதகின் வாய்க்கோ தள்ளிக்கொண்டு போகும். வயலுக்கு வந்து சேரும் பை மண்ணுக்குள் நீர் இறங்குவதைத் தடுக்கும், வேர் ஓடுவதையும் தடுக்கும். குப்பையைப் போட்டவர் ஒருவர், அதன் பலனை அனுபவிப்பவர் வேறொருவர். ஏரிப் பாசன ஊர்களில் வீட்டுக் குப்பை பொது விஷயமாவது இதனால்தான்.

இளவேனில் ஏற்ற காலம் ஏன்?

தமிழ் மரபில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். உரம் தயாரிக்கத் தொடங்க இது பொருத்தமான காலம். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, மாசி, பங்குனியில் வேம்பு, புங்கம், அரசு போன்ற மரங்கள் பழைய இலையை உதிர்க்கின்றன. காய்ந்த சருகு ஏராளமாகக் கிடைக்கும்.

இரண்டாவது, மாம்பழத் தோல், பலாச் சக்கை, தர்பூசணித் தோல் என ஈரக் கழிவு மிகுவதும் இந்தப் பருவத்தில்தான். நல்ல உரத்துக்குச் சருகும் ஈரக் கழிவும் சேர்ந்தே தேவை.

மூன்றாவது, குப்பை மட்குவதற்கு ஏறத்தாழ 60 முதல் 90 நாட்கள் ஆகும். சித்திரையில் போட்டது ஆடியில் தயாராகும். ஆடிப்பட்டத்தில் விதைக்கும் அவரைக்கும் பூசணிக்கும் அதை இடலாம்.

வகை பிரித்தல்

இந்திய அரசு 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின.

1. மட்கும் கழிவு: காய்கறித் தோல், சோறு, பூ, இலை, தேயிலைச் சக்கை.
2. மட்காத கழிவு: பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி போன்றவை. தாள், அட்டை, துணி ஆகியவையும் மறுபயன் கருதி உலர் கழிவாக இத்துடன் சேரும்.
3. வீட்டு அபாயக் கழிவு: பேட்டரி, குழல் விளக்கு, காலாவதி மருந்து, ஊசி, பூச்சிமருந்துப் புட்டி.

தெருவிலோ வாய்க்காலிலோ குப்பையை வீசுவதையும், திறந்த வெளியில் எரிப்பதையும் இவ்விதிகள் தடை செய்தன.

பிரிக்காமல் கொடுத்த குப்பையைப் பிறகு ஒருவர் கையால் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஊராட்சிகளில் வீடு வீடாக வரும் தூய்மைக் காவலர்களே அந்த ஒருவர். அழுகிய சோற்றுக்குள் உடைந்த கண்ணாடியோ பயன்படுத்திய ஊசியோ கிடந்தால் கிழிபடுவது அவர்கள் கை. உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றி, மேலே எழுதிக் கொடுக்க வேண்டும். நாப்கின், டயாப்பர் போன்றவற்றையும் தனியே பொதிந்து கொடுக்க வேண்டும்.

உரமாக்கும் முறை

மட்குதல் என்பது பாக்டீரியாவும் பூஞ்சையும் கழிவை உண்டு சிதைக்கும் செயல். அவற்றுக்குக் கரிமம் ஆற்றல் தருகிறது, நைட்ரஜன் உடல் வளர உதவுகிறது. கரிமம் 25 முதல் 30 பங்கும் நைட்ரஜன் 1 பங்குமாக இருந்தால் சிதைவு நன்றாக நடக்கும். சருகில் கரிமம் மிகுதி, காய்கறித் தோலில் நைட்ரஜன் மிகுதி. வீட்டில் அளந்து பார்க்க முடியாது என்பதால், ஒரு படி ஈரக் கழிவுக்கு இரண்டு படி சருகு என்று கொள்ளலாம்.

• பழைய வாளி அல்லது மண்பானையின் அடியிலும் பக்கங்களிலும் விரல் நுழையும் அளவில் துளைகள் இடவும்.
• அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சருகு பரப்பவும்.
• அன்றாடக் கழிவைச் சிறு துண்டுகளாக்கிப் போட்டு, அதன்மேல் சருகால் மூடவும்.
• தொடக்கத்தில் சாணக் கரைசல் அல்லது புளித்த மோர் சிறிது தெளிக்கவும்.
• நான்கைந்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிடவும்.
• பானை நிறைந்ததும் மூடி நிழலில் வைத்து, அடுத்த பானையைத் தொடங்கவும்.

ஈரம் சரியா என்று அறிய ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்க்கலாம். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும், பொடிந்தால் நீர் தெளிக்க வேண்டும். சித்திரை வெயிலில் பானை விரைவில் காய்ந்துவிடும். காய்ந்தால் சிதைவு நின்றுவிடும். அழுகல் நாற்றம் வந்தால் காற்று போதவில்லை என்று பொருள். கிளறிச் சருகு சேர்த்தால் நாற்றம் நீங்கும்.

இறைச்சி, எலும்பு, எண்ணெய்ப் பண்டம், பளபளப்பான அச்சுத் தாள் ஆகியவற்றைப் பானையில் போட வேண்டாம். தேங்காய் ஓடும் மாங்கொட்டையும் மட்க நெடுநாள் ஆகும். வெட்டிய நுங்குக் காயை மாடுகள் விரும்பித் தின்னும்.

ஊர் அளவில் செய்யும்போது நாடெப் தொட்டி பயன்படுகிறது. மகாராட்டிரத்தைச் சேர்ந்த உழவர் நாராயண் தேவ்ராவ் பண்டரிபாண்டே உருவாக்கிய முறை இது. சுவரில் காற்றுத் துளைகள் விட்டு, 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி உயரத்தில் செங்கல் தொட்டி கட்டுவார்கள்.

மண்புழு உரம் இன்னொரு வழி. நம் மண்ணிலேயே வாழும் புழு இனங்களைக் கொண்டு உரம் செய்வதைப் பரப்பியவர்களுள் சென்னை நியூ கல்லூரிப் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் குறிப்பிடத்தக்கவர். புழுக்களுக்குக் கடும் வெப்பம் ஆகாது. கோடையில் தொட்டிக்குக் கூரையும் ஈரச் சாக்கும் கட்டாயம் வேண்டும்.

மறுசுழற்சி

தாள், அட்டை, இரும்பு, கெட்டிப் பிளாஸ்டிக் ஆகியவற்றைக் காயலான் கடையில் எடுத்துக்கொள்வார்கள். பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். குடிநீர்ப் புட்டி 1, ஷாம்பு டப்பா பெரும்பாலும் 2, பால் உறை 4, சாப்பாட்டு டப்பா பெரும்பாலும் 5. இவற்றைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் மறுசுழற்சிக்குப் போகும். பால் உறையின் மூலையை முழுதாக வெட்டி எறியாமல் ஒட்டியிருக்கும்படி வெட்டினால், அந்தச் சிறு துண்டு சாக்கடைக்குப் போகாது. சிப்ஸ் பொட்டலம் போன்ற பல அடுக்கு உறைகளைப் பிரித்தெடுப்பது கடினம். ஆதலால் அவற்றை வாங்க ஆளில்லை. அவற்றைக் குறைத்துக்கொள்வதே வழி.

காஞ்சிபுரம் பகுதிக்கே உரிய மறுசுழற்சி ஒன்றும் உண்டு. அசல் ஜரிகை என்பது பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. நைந்த பட்டுப்புடவையை வாங்குபவர்கள் ஜரிகையைப் பிரித்து உருக்கி வெள்ளியை மீட்கிறார்கள். ஆகவே தறி வீட்டில் ஜரிகைத் துண்டைக் குப்பையில் போடுவது காசைப் போடுவதாகும். சாயமேற்றிய நூல் துண்டுகளை உரப் பானையில் போடக் கூடாது. சாயக் கழிவுநீரைச் செடிக்கோ வாய்க்காலுக்கோ விடவும் கூடாது.

குறைத்தல்

மறுசுழற்சியைவிடச் சிறந்தது குப்பையே உண்டாகாமல் பார்த்துக்கொள்வது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 1.1.2019 முதல் தடை உள்ளது. பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள் குவளையும் அதில் அடங்கும். 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது.

ஏகாம்பரநாதர் கோயிலின் பங்குனி உத்திரத்துக்கும் வரதராசப் பெருமாளின் வைகாசி கருடசேவைக்கும் பெருங்கூட்டம் கூடும். அப்போது நீர்மோர்ப் பந்தல் வைப்பவர்கள் எவர்சில்வர் தம்ளரையும் கழுவ ஒரு தொட்டியையும் வைத்தால் மூட்டை மூட்டையாகக் குவளைகள் மிஞ்சாது. பிரசாதத்துக்கு வாழையிலையும் தொன்னையும் போதும். கோயில் இட்லியை மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைக்கும் ஊருக்கு இது புதிய பாடமன்று.

எரிப்பதால் வரும் தீங்கு

சருகை எரித்தால் நுண்துகள் புகை எழுந்து நுரையீரலைத் தாக்கும். குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதிகம் துன்புறுவர். அதனுடன் பிவிசி போன்ற பிளாஸ்டிக்கும் எரிந்தால் டயாக்சின் என்னும் நச்சு உண்டாகும். மண்ணுக்குப் போக வேண்டிய கரிமமும் நைட்ரஜனும் வீணாகும். மட்கும் கழிவைக் குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் குவித்தாலோ மீத்தேன் வாயு வெளியாகும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் 25 மடங்குக்கும் மேல் வெப்பத்தைத் தேக்கும்.

மாணவர்களுக்கு ஒரு செய்முறை

ஒரு வாரம் உங்கள் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரித்து, நாள்தோறும் எடை போட்டு எழுதுங்கள். ஏழாம் நாள் ஒவ்வொரு வகையையும் கூட்டி, மொத்தத்தில் அது எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுங்கள். அடுத்த வாரம் மட்கும் கழிவைப் பானையில் போட்டுவிட்டு, தெருவண்டிக்குக் கொடுத்ததை மட்டும் எடை போடுங்கள். இரு வாரங்களுக்கும் உள்ள வேறுபாடே உங்கள் வீடு குறைத்த சுமை. அதை 52-ஆல் பெருக்கினால் ஓராண்டுக் கணக்கு கிடைக்கும்.