பறவாமல் நிற்கும் பறவை

புளோரிடாவின் ஆழமற்ற உப்பங்கழிகளில் மீனுக்காக அசையாது காத்திருக்கும் பெரிய நீல நாரையை (நம் சாம்பல் நாரைக்கு நெருங்கிய உறவினம் அது) விசைப்படகொன்று அணுகும்போது கூர்ந்து கவனிப்போமாயின், அது பறந்தெழுவதற்கு வெகு முன்பே அதன் சித்தம் இரையை விட்டு விலகிவிடுவதைக் காணலாம். வளைந்திருந்த கழுத்து நிமிர்கிறது. சிலிர்த்திருந்த இறகுகள் உடலோடு ஒட்டிப் படிகின்றன. பார்வை நீரை விட்டுப் படகின் மேல் நிலைக்கிறது. பின்னரே கால்களை மடக்கி உந்தி, கரகரத்த குரலெழுப்பிப் பறக்கிறது. படகோட்டியின் கண்ணில் படுவது அந்தக் கடைசிக் கணம் மாத்திரமே.

விஞ்ஞானிகளும் பெரும்பாலும் அக்கணத்தையே அளவுகோலாகக் கொண்டுள்ளனர். பறவை எழும்பும்போது படகு இருந்த தூரத்தை மீட்டரில் அளக்கலாம், கலக்கத்தை அளப்பது கடினம். ராட்ஜர்ஸ், ஷ்விக்கர்ட் என்னும் இருவர் புளோரிடாவில் 23 இன நீர்ப்பறவைகளை நோக்கி எஞ்சின் படகையும், ஒருவர் அமர்ந்து நீரில் சீறிப் பாயும் ஸ்கூட்டரையும் செலுத்திப் பார்த்து, 2002-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே இனத்துக்குள்ளேயே ஒரு பறவை மிக அருகில் வரும்வரை பொறுத்திருக்க, மற்றொன்று வெகு தொலைவிலேயே கிளம்பிவிடுவதைக் கண்ட அவர்கள், சராசரியை நம்பாமல், எளிதில் மிரளும் பறவைகளையும் உட்கொள்ளும் தூரத்தைக் கணித்து, அதன்மேல் இன்னும் 40 மீட்டர் கூட்டி, நாரை, கொக்கு வகைகளுக்கு 180 மீட்டரும், ஆலா, கடற்காகங்களுக்கு 140 மீட்டரும், உள்ளான்களுக்கு 100 மீட்டரும் விலகிச் செல்லுமாறு சிபாரிசு செய்தனர். அந்த 40 மீட்டரை நான் பெரிதும் மதிக்கிறேன். கழுத்து நிமிர்வதற்கும் சிறகு விரிவதற்கும் இடையே பறவை படும் அவஸ்தைக்கு அது இடமளிக்கிறது.

ஆயினும், படகு நெருங்கியும் பறவாமல் நிற்கும் பறவையைப் பற்றி என்ன சொல்வது? பழகிவிட்டது என்கிறோம். நித்தமும் ஒரே தடத்தில் செல்லும் படகுகளுக்குப் பறவைகள் ஓரளவு பழகுவதும் உண்டுதான். ஆனால் பீல், மொனகன் என்னும் ஆராய்ச்சியாளர்கள் பிரிட்டனின் பாறைக் கரையில் கல்திருப்பி உள்ளான்களுக்குச் சில இடங்களில் அதிகப்படியான உணவிட்டு, பிற இடங்களில் இடாமல் விட்டு, பின்பு கால்நடையாக அணுகிப் பார்த்தபோது, வயிறு நிறைந்தவையே முன்னதாகப் பறந்தன, அதிக தூரமும் சென்றன என்று 2004-இல் எழுதினார்கள். காரணம் தெளிவானது. வேறிடம் போகச் சக்தியுள்ளது போகிறது. பசித்திருப்பதோ, மேய்ச்சலை விட்டால் இழப்பு பெரிதாகையால், பயத்தைப் பொறுத்துக்கொண்டு இரை தேடுகிறது. அமைதியாக நிற்பது போல் நமக்குத் தோன்றும் கூட்டமே மிகவும் நலிந்த கூட்டமாக இருக்கக்கூடும்.

அடைகாக்கும் பறவையின் நிலை இதனினும் கடுமையானது. முட்டையை விட்டு எழ மனமின்றி வெகுநேரம் அமர்ந்திருந்து, முடிவில் எழுந்துவிட்டால், திறந்த மணலில் முட்டையிடும் ஆலாக்களின் கூட்டில் வெயில் நேராக விழுகிறது. காகமும் கடற்காகமும் அத்தருணத்துக்கென்றே காத்திருக்கின்றன. ராட்ஜர்ஸ் மற்றொருவருடன் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட ஆய்வு, நாரை, கொக்குகளின் கூட்டுக் குடியிருப்புக்கு 100 மீட்டரும், ஆலாக்கள் கூடுகட்டும் மணல் திட்டுக்கு 180 மீட்டரும் வேண்டுமென்றது. எச்சரிக்கைப் பலகையைத் திட்டின் கரையில் நட்டால், படகோட்டி அதைப் படிக்கும் தூரத்துக்கு வருவதற்குள் பறவைகள் எழுந்துவிடும். கூடுகளிலிருந்து அத்தனை மீட்டர் தள்ளி, நீரிலேயே அதை நாட்ட வேண்டும்.