உறங்கும் அணிலின் மூளையில் ஒரு பாஸ்பேட் கணக்கு

ஐரோப்பியப் புல்வெளிகளில் வளை தோண்டி வாழும் தரை அணில், குளிர்காலத்தில் வளைக்குள் சுருண்டு கிடக்கும். உடல்வெப்பம் சில டிகிரிக்கு இறங்கிவிடும். அந்த உறக்கத்தில் அதன் மூளையைச் சோதித்த தாமஸ் ஆரெண்ட்டின் குழு (லைப்சிக், ஜெர்மனி), அல்சைமர் மூளையில் காணும் அதே அடையாளத்தை அங்கே கண்டு 2003-இல் வெளியிட்டது. டௌ என்னும் புரதத்தின் மேல் அளவுக்கு மீறி பாஸ்பேட் ஏறியிருந்தது.

நரம்பணுவின் நீண்ட இழைக்குள் சரக்கு போய்வரும் பாதைகள் நுண்குழல்கள். அவை குலையாமல் பிடித்துக்கொள்வது டௌவின் வேலை. நுண்குழலின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. டௌவின் பிடிமானப் பகுதியோ நேர்மின்னூட்டம் கொண்டது. எதிர்மின்னூட்டமுள்ள பாஸ்பேட் வந்து ஏறினால் இந்த ஈர்ப்பு தளர்ந்துவிடும். 441 அமினோ அமிலங்கள் கொண்ட டௌவில் பாஸ்பேட் ஏறக்கூடிய இடங்கள் 85. இயல்பான மூளையில் ஒரு டௌவுக்கு இரண்டு மூன்று பாஸ்பேட் இருக்கும். அல்சைமரில் எட்டு வரை போகும். பிடி நழுவிய டௌ மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி இழைகளாகின்றன. 2017-இல் கேம்பிரிட்ஜ் எம்ஆர்சி ஆய்வகம், ஒரு நோயாளியின் மூளையிலிருந்து எடுத்த இழைகளை ஏறக்குறைய அணு அளவில் படம்பிடித்தது. ஒவ்வொரு டௌவும் ஆங்கில 'சி' எழுத்தாக மடிந்து கிடந்தது.

அணிலுக்கு இந்த இழைகள் உருவாவதில்லை. விழித்ததும் பாஸ்பேட் கழன்றுவிடும், உறக்கத்தில் சுருங்கிய நரம்பிணைப்புகள் மீண்டும் வளரும். ஆக, பாஸ்பேட் ஏறுவதே நோயல்ல. ஏறியது இறங்காமல் போவதுதான் சிக்கல் என்றே எனக்குப் படுகிறது. பாஸ்பேட்டைக் கழற்றும் முக்கிய நொதியான பிபி2ஏ, அல்சைமர் மூளையில் சோர்ந்துபோயிருக்கிறது. ஏற்றிவிடும் ஜிஎஸ்கே-3 நொதியை அடக்கும் டைடெக்லூசிப் மருந்து நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, பலன் தரவில்லை. அந்த நொதி உடலெங்கும் நூறு வேலை பார்ப்பது. மூளைக்காக மட்டும் அதைக் கட்டிப்போடுவது கடினம். கழற்றும் பக்கத்துக்கு ஆய்வுலகம் இன்னும் கூடுதல் கவனம் தர வேண்டும்.

சிகிச்சைக்கு முன்பே இந்தப் பாஸ்பேட் நோயறிதலுக்குக் கைகொடுத்துவிட்டது. டௌவின் 217-ஆம் இடத்தில் பாஸ்பேட் ஏறிய துணுக்குகள் இரத்தத்திலும் கசிகின்றன. அவற்றை, அல்சைமர் மூளையில் படியும் இன்னொரு புரதமான அமிலாய்டோடு ஒப்பிட்டு அளக்கும் இரத்தப் பரிசோதனைக்கு, 2025 மே மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. 55 வயதோ அதற்கு மேலோ ஆகி, நினைவுக் கோளாறு அறிகுறியோடு வருபவர்களுக்கானது அது.