கச்சான் விளைத்த தச்சர்

அமெரிக்க நாட்டின் முன்னாட் சனாதிபதியருள் யான் பெரிதும் மதிப்பவர் ஜிம்மி காட்டர் அவர்கள். அம்மதிப்பு அவர் வீற்றிருந்த ஆசனத்தினால் வந்ததன்று. 1977 முதல் 1981 வரை அவர் நடத்திய ஆட்சியை வரலாற்றாசிரியர் நிறுத்துப் பார்க்கட்டும். யான் ஈண்டுச் சொல்லப்புகுவது அவர்தம் கைகளைப் பற்றி.

ஜோர்ஜியா மாநிலத்துப் பிளெயின்ஸ் என்னுஞ் சிற்றூரிலே 1924ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தையார் கமக்காரர். அவர் கொடுத்த ஓர் ஏக்கர் நிலத்தில் இளமையிலேயே கச்சான் பயிரிட்டு விற்றார். (நிலக்கடலை என்றெழுதுவதே முறை என்பாருமுளர், நம் பிள்ளைகள் கொறிப்பது கச்சானே.) பாடசாலையில், 'அமெரிக்காவின் வருங்கால விவசாயிகள்' என்னும் மாணவர் கழகத்திற் சேர்ந்தார். 1928இல் தொடங்கிய அக்கழகத்திலேதான் மரவேலையில் அவருக்கு ஆயுட்காலப் பற்று உண்டாயிற்று. நம் பாடசாலைகளிலோ, தோட்டமும் தச்சும் பரீட்சைக்கு உதவாதவை எனப் பெற்றோர் முகஞ்சுளிப்பதை முப்பதாண்டாகக் கண்டு வருகின்றேன். உளி பிடிக்கும் பிள்ளையை மந்தன் எனத் தள்ளும் ஆசிரியரும் நம்மிடை இல்லாமலில்லை.

கடற்படை அதிகாரியாயிருந்த காட்டர், 1953இல் தந்தையார் இறந்ததும் உத்தியோகத்தைத் துறந்து கமத்துக்கு மீண்டார். மறுவருடம் மழை பொய்த்தது. ஊர் திரும்பிய அந்நாளில், வருவாய் குறைந்தோர்க்கென அரசினர் கட்டிய வீடொன்றிலேயே மனைவி மக்களோடு குடியிருந்தார். இதனை வாசகர் நினைவிற் கொள்க.

பதவி நீங்கியபோது உடன் பணிசெய்தோர் அவருக்கு அன்பளிப்பாக அளித்தவை தச்சுக் கருவிகள். 1984இல் அவரும் துணைவியார் ரோசலின் அம்மையாரும், 'ஹபிற்றாற்' என்னும் வீடமைப்புத் தொண்டு நிறுவனத்தாரோடு கூடி, நியூயோர்க் நகரிற் பாழடைந்து கிடந்த ஆறுமாடிக் கட்டடமொன்றை 19 குடும்பங்கள் வாழத்தக்கதாக்கும் வேலையில் இறங்கினர். அதன்பின் ஆண்டுதோறும் ஒரு வாரம் இப்பணிக்கென ஒதுக்கப்பட்டது. அவ்வாரங்களில் 14 நாடுகளிலே தொண்டர் பலர் கூடிக் கட்டியும் திருத்தியும் கொடுத்த வீடுகள் 4,390. காட்டர் அடிக்கல் நாட்டிவிட்டு நிழலுக்கு ஒதுங்கினாரல்லர். ஏனையோரோடு சுத்தியல் எடுத்து வியர்க்க வியர்க்க உழைத்தார்.

தமிழில் நரம்புச் சிலந்தி எனப் பெயர்பெற்ற நோயொன்றுண்டு. மாசுற்ற நீரைக் குடித்தோர் உடலில் வளர்ந்து, ஓராண்டின்பின் தோலைத் துளைத்து வெளிவரும் நீண்ட புழு அது. அதனைத் தீர்க்க மருந்துமில்லை, தடுக்க ஊசியுமில்லை. நீரைத் துணியால் வடித்துக் குடிப்பித்தலே வழி. 1986இல் காட்டர் நிலையம் இப்பணியை மேற்கொண்டபோது ஆண்டொன்றில் ஏறத்தாழ 35 இலட்சம் மக்கள் வருந்தினர். 2024இல் நோயுற்ற மாந்தர் 15 பேரே. ஊரூராய்ச் சென்று வடிதுணி கொடுத்த கிராமத் தொண்டர்களுக்கும் இதிற் பெரும்பங்கு உண்டு.

2019 ஒக்டோபரில், தமது 95ஆம் வயதில், காட்டர் வீட்டில் இடறி வீழ்ந்தார். புருவத்தின்மேல் 14 தையல். மறுநாள், வீங்கிக் கறுத்த கண்ணோடு நாஷ்வில் நகரில், யாரோ ஓர் ஏழையின் வீட்டு முகப்புக்கு மரந்துளைத்துக் கொண்டிருந்தார்.