சோளப் பாம்பின் நிறம் அறிதல்

முதலில் வயிற்றைப் பாருங்கள். மக்காச்சோள மணிகளை நினைவூட்டும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்! அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வாழும் இந்தப் பாம்பின் பெயருக்கு அதையே காரணமாகச் சொல்வார்கள். முதுகில் கருங்கரையிட்ட செந்நிறத் திட்டுகள் இருந்தால் அது காட்டு நிறம்.

கறுப்பு நிறமி இல்லாதது 'அமெல்'. கண் சிவந்திருக்கும், திட்டுகளுக்குக் கருங்கரை இருக்காது. வட கரோலினாவில் 1953இல் பிடிபட்ட ஓர் ஆண் பாம்பிலிருந்தே இந்த நிறத்தின் வளர்ப்பு தொடங்கியது. சிவப்பு நிறமி இல்லாத 'அனெரி' சாம்பலும் கறுப்புமாக இருக்கும். வளர வளரக் கழுத்தில் மஞ்சள் ஏறும்.

இரண்டு நிறமியும் அற்றது 'ஸ்நோ'. வளர்ப்பு நிறங்களில் மிக அழகியது. அமெலும் அனெரியும் இணைந்தால் பொதுவாக முதல் தலைமுறை முழுதும் காட்டு நிறம்தான். அந்தக் குட்டிகள் தமக்குள் இணைந்தால் சராசரியாக 16இல் ஒன்று ஸ்நோ.

குட்டியாக இருக்கும்போது காட்டு நிறமும் அனெரியைப் போல மங்கித் தெரியலாம். சில முறை தோலுரிக்கும்வரை பொறுத்திருந்து பெயரிடுங்கள்.